நடுக்கட்டை

எந்தப் பீலிங் மில்லுக்குப் போனாலும் நான் முதலில் பின்கட்டுக்குத்தான் போவேன். அங்கே குவிந்து கிடக்கும் நடுக்கட்டைகளைப் பார்த்தால், அந்த மில் எந்தக் காலத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். உருண்டை மரத்தைச் சுழலவிட்டு நீளக் கத்தியால் சீவிக்கொண்டே போனால் துணி பிரிவதுபோல் வெனீர் வந்துகொண்டிருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் சீவ முடியாமல் மிஞ்சுவது நடுக்கட்டை. என் நைனா காலத்தில் அதன் விட்டம் 5 அங்குலம். இன்று எங்கள் மில்லில் ஒன்றேகால். எங்கள் குடும்பத் தொழிலின் சரித்திரம் அந்த மூன்றேமுக்கால் அங்குலத்துக்குள் அடங்கும்.

வெனீர் என்றால் பலருக்கு விலை உயர்ந்த அலமாரியின் மேல்தோல்தான் நினைவுக்கு வருகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர் ஒவ்வொருவரும் வெனீரைக் கையில் பிடித்தவர்தான். பழைய தீப்பெட்டி அட்டையில் செய்யப்பட்டதல்ல. மெல்லிய மரச்சீவலை மடித்து, மேலே காகிதம் ஒட்டியது. ரேஷன் கடையிலும் தபால் நிலையத்திலும் கிடந்த தேயிலைப் பெட்டி, ஓரத்தில் தகரப் பட்டை அடித்த அந்தப் பெட்டி, மூன்று வெனீர்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகை. இங்கிலாந்தில் வெனெஸ்டா என்றொரு கம்பெனி இருந்தது. எஸ்டோனியா நாட்டில் லூதர் குடும்பத்தார் செய்த ஒட்டுப்பலகையை வாங்கித் தேயிலைப் பெட்டிகளாக உலகெங்கும் விற்றது. இலங்கை மலையிலும் அசாமிலும் பறித்த தேயிலை, பால்டிக் கடற்கரை பிர்ச் மரத்துக்குள் அடைபட்டுக் கப்பலேறியது. அசாமில் ஒட்டுப்பலகை ஆலைகள் தோன்றியதும் இந்தப் பெட்டிக்காகத்தான். பின்னாளில் இந்தியத் தர நிர்ணயத்தில் தேயிலைப் பெட்டிப் பலகைக்கு ஐஎஸ் 10 என்ற எண் கிடைத்தது. நாடு தரம் எழுதத் தொடங்கியபோது முதல் பத்துக்குள் வந்த பொருள் இது என்பதில் எனக்கு இன்றும் ஒரு சின்னப் பெருமை.

தாத்தா வைத்திருந்தது மர அறுவை மில் மட்டும்தான். சித்தூரைச் சுற்றி மாந்தோப்புகள். தாமலச்செருவு மண்டியிலிருந்து ரயிலேறும் பழத்துக்குப் பெட்டி வேண்டும். காய்ப்பு நின்ற கிழ மாமரத்தை அறுத்து அந்தப் பெட்டிக்குப் பலகை கொடுத்தார். காய்த்த மரமே காய்க்குப் பெட்டியானது. வீட்டில் தமிழ், மில்லில் தெலுங்கு, கணக்கு மட்டும் இரண்டும் கலந்த ஒரு பாஷை. 1911-இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டம் இது. 1953-இல் ஆந்திரத்தோடு போனது, 1960-இல் திருத்தணி மட்டும் தமிழ்ப் பக்கம் திரும்பியது. கோடு நகர்ந்தாலும் எங்கள் வாடிக்கைக்காரர்கள் நகரவில்லை. முக்கால் மணி நேரத்தில் குடியாத்தம். அங்கே தீப்பெட்டித் தொழில். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்க் கற்றுவந்த தொழில் சிவகாசியில் வேர்விட்டு, குடியாத்தம் வரைக்கும் கிளைவிட்டிருந்தது. பெட்டிக்கும் குச்சிக்கும் மென்மரச் சீவல் வேண்டும். அறுவை மில்லின் ஓரத்தில் நைனா ஒரு பீலிங் மெஷினை நிறுத்தியது அதற்காகத்தான். கேரளத்தில் மூடப்போன ஒரு மில்லிலிருந்து பழைய மெஷின் வந்தது. அதோடு ஒரு மேஸ்திரியும் வந்தார்.

மேஸ்திரி கண்ணூர் பக்கத்துக்காரர். அந்த ஊரில் வளபட்டணத்து ஆற்றங்கரையில் 1945-இல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட்ஸ், தென்னாட்டு வெனீர்க்காரர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் மாதிரி. அங்கே நேராக வேலை பார்த்தவர்களிடமும் அவர்களிடம் கற்றவர்களிடமும்தான் இந்தக் கை பரவியது. பெங்களூரில் 1962-இல் ஒட்டுப்பலகைக்கென்று ஆராய்ச்சி நிலையம் வந்தது. அவர்கள் அச்சடித்துத் தந்த எண்களை மேஸ்திரி படித்ததில்லை. அவர் வைத்த அளவுகளோ அந்த எண்களுக்கு அருகிலேயே இருந்தன.

கத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெஷினின் நீளத்துக்கும் ஒரே கத்தி. அதன் முனைச் சாய்வு சுமார் 20 டிகிரி. கூர்மை கூட வேண்டும் என்று சாய்வைக் குறைத்தால், முதல் முடிச்சிலேயே முனை பொடிந்துவிடும். பயந்து கூட்டினால் மரம் சீவப்படாமல் பிளக்கும். கத்திக்கு எதிரே ஓர் இரும்புப் பட்டை மரத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். பிரஷர் பார் என்போம். மரம் கத்தி முனையில் பிரிவதற்கு ஒரு நொடி முன்பு அந்த இடத்தை இது நெருக்கிப் பிடிக்கிறது. பிடி தளர்ந்தால் வெனீரின் உட்பக்கத்தில் நுண்ணிய கீறல்கள் விழும். பிடி இறுகினால் நார் நசுங்கி, ஷீட் பார்க்க வழுவழுப்பாக இருந்து, பசை போட்டு அழுத்தும்போது பொருக்காக உரியும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்கு. மரத்துக்கு மரம் மாறும்; ஒரே மரத்தில் காலைக்கும் மாலைக்கும் மாறும்.

எவ்வளவு கவனமாகச் சீவினாலும் கீறல் முழுக்கப் போகாது. வட்டமாக இருந்ததை நேராக்குகிறோம் அல்லவா, உட்பக்கம் விரிந்துதானே ஆக வேண்டும்? அதனால் எந்த வெனீருக்கும் ஒரு இறுக்கமான முகமும் ஒரு தளர்ந்த முகமும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஷீட்டை லேசாக வளைத்தால் கை சொல்லிவிடும்: ஒரு பக்கம் சுலபமாக வளையும், மறுபக்கம் முறைக்கும். மேஸ்திரி புதிதாக வரும் பையன்களுக்கு முதல் வாரம் முழுக்க இதைத்தான் கொடுப்பார். மெஷின் பக்கமே விடமாட்டார். சத்தமும் அவருக்குக் கணக்கு. டீ குடித்துக்கொண்டே முற்றத்தில் இருப்பார். திடீரென்று, "சத்தம் மாறியல்லோ, நிறுத்து!" என்பார். நிறுத்திப் பார்த்தால் கத்தியில் அரிசி அளவுக்கு ஒரு பொக்கை இருக்கும்.

கத்திக்கு அடுத்து எங்கள் தொழிலின் பெரிய கேள்வி தண்ணீர். உலர்ந்த மரத்தைச் சீவ முடியாது. ஈர வெனீரை ஒட்ட முடியாது. வெட்டிய மரத்தின் ஈரத்தைக் கத்தி வரைக்கும் காப்பாற்றிக் கொண்டுவந்து, கத்தியைத் தாண்டியதும் விரட்ட வேண்டும். மாமரத்தை வெட்டிப் போட்டுவிட்டு வெயிலில் ஒரு வாரம் கிடத்தினால் இரண்டு முனையிலும் வெடிப்பு ஓடும், உள்ளே நீலப்பூஞ்சை ஏறும். அதனால் குட்டையில் போடுவோம், சாக்கு போர்த்தி நனைப்போம். கெட்டியான மரம் என்றால் வெந்நீர்த் தொட்டியில் ஊறவைப்போம், நார் இளகும்.

இந்தத் தண்ணீர்தான் பணத் தகராறுக்கும் காரணம். தாத்தா காலத்தில் மரத்தை நாடாவால் சுற்றளவு பிடித்து, கன அடிக்கு விலை பேசினார்கள். ஈரம் இலவசம். தைலமரமும் சவுக்கும் விவசாயிகளிடமிருந்து வரத் தொடங்கியதும் எல்லாம் எடைமேடைக்குப் போனது, டன்னுக்கு விலை. "நேத்து வெட்டின மரம்ணா, இன்னைக்கே எடை போட்டுடு" என்பார் விவசாயி. அவருக்கு நாளாக நாளாக நஷ்டம். "தண்ணிக்குப் பணம் குடுக்கறோம்டா" என்று நைனா முணுமுணுப்பார். ஆனால் காய்ந்த மரத்தை மலிவாக வாங்கினால் சீவும்போது கிழிந்து, மிச்சம் பிடித்ததெல்லாம் அடுப்புக்குப் போய்விடும். இந்த வழக்கில் விவசாயி பக்கம்தான் நியாயம் என்பது என் தீர்ப்பு. பச்சை மரத்தின் எடைக்கு நாங்கள் கொடுக்கும் கூடுதல் காசு தண்ணீருக்கல்ல, கிழியாத ஷீட்டுக்கு. நைனா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கத்தியைத் தாண்டிய பிறகு வெனீர் பெண்களின் கைக்குப் போகிறது. எங்கள் ஊரில் டிரையர் வாங்கும் வசதி எல்லோருக்கும் வரவில்லை. சித்திரை வெயில்தான் டிரையர். ஷீட்டைத் தரையில் பரப்பினால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து சுருளும். சாய்த்து, காற்று இருபக்கமும் போகிற மாதிரி நிறுத்தி, வெயில் ஏறுவதற்கு ஏற்பத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆடிக் காற்றில் நிறுத்தினால் ஷீட் பறந்துபோய்ப் பக்கத்து நிலத்தில் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வேலையே நின்றுவிடும். 2021 நவம்பரில் திருப்பதியை வெள்ளக்காடாக்கிய மழையில் இந்தப் பகுதியில் வெனீர் வைத்திருந்தவர்கள் எல்லோரும் பூஞ்சையைத்தான் அள்ளினோம். ஈரம் காட்டும் மீட்டர் இருக்கிறது; ஆனால் களத்துப் பெண்கள் ஷீட்டின் முனையைப் பிடித்து ஒரு உதறு உதறுவார்கள். காய்ந்தது கலகலக்கும்; காயாதது தொப்பென்று அடங்கும். ஹாட் பிரஸ்ஸுக்குப் போகும்போது நூற்றுக்கு ஆறிலிருந்து எட்டுக்குள் ஈரம் இருக்க வேண்டும். கூடினால் உள்ளே ஆவி கட்டிக்கொண்டு பலகை வெடிக்கும். காயும்போது ஷீட் குறுகும் என்பதையும் முன்கூட்டியே நினைத்து வெட்ட வேண்டும்: 48 அங்குலம் வேண்டுமென்றால் பச்சையில் 52-க்குக் கிட்டத்தில். இதை மறந்து வெட்டுகிற கம்பெனி ஒட்டும்போது இடைவெளியை மாவால் அடைக்கும். நீங்கள் வாங்கிய பலகையின் ஓரத்தில் ஓட்டை தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நைனாவின் மெஷின் இரண்டு முனையிலும் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் வகை. கவ்வும் இரும்புக்குக் குறைவாக மரம் மெலிந்தால் கத்தி இரும்பில் மோதும். அதனால்தான் 5 அங்குல நடுக்கட்டை. ஓரடி விட்டமுள்ள மரத்தில் அது பெரிய இழப்பில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் சீவினால் 40 மீட்டர் நீளத்துக்கு வெனீர் ஓடும். மரத்தில் நூற்றுக்குப் பதினேழு பங்குதான் நடுக்கட்டையில் போகும். ஆனால் அதே மெஷினில் 6 அங்குல மரத்தை ஏற்றினால் நூற்றுக்கு எழுபது பங்கு நடுக்கட்டையாகவே இறங்கும். சின்ன மரம் எங்களுக்கு மரமே இல்லை. பெரிய மரம் வேண்டும் என்றால் காடு வேண்டும்.

அந்தக் காட்டுக் கதவு 1996 டிசம்பர் 12 அன்று சாத்தப்பட்டது. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரியின் கூடலூர்க் காடுகள் அழிவதைப் பார்த்து உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் வந்த உத்தரவு அருணாசலத்தின் திராப், சங்லாங்கில் இருந்த அறுவை மில், வெனீர் மில், ஒட்டுப்பலகை ஆலைகளையும், எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் அசாமில் இருந்தவற்றையும் நிறுத்தியது. 2002 அக்டோபரில் வந்த உத்தரவுக்குப் பின், உரிமம் இல்லாத மில் எந்த மாநிலத்திலும் ஓடக்கூடாது, புதிய உரிமம் சுலபத்தில் கிடையாது. தேயிலைப் பெட்டிக்காக அசாமில் பிறந்த தொழில், அங்கே அடங்கி, ஹரியானாவின் யமுனாநகரில் பாப்ளர் மரத்தோடும் கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரத்தோடும் மறுபிறவி எடுத்தது. எங்கள் பழைய உரிமத் தாள் திடீரென்று மெஷினைவிட மதிப்பாகிவிட்டது. எங்களைப் போன்றவர்களில் அந்த நாட்களில் நீதிமன்றத்தைத் திட்டாத வாய் இல்லை. இன்று கேட்டால், அது பத்து வருஷம் முன்னாடியே வந்திருக்க வேண்டும் என்பேன். காடு கிடைக்கும்வரை யாரும் தோப்பைத் தேடிப் போகப்போவதில்லை. 1988 தேசிய வனக் கொள்கையே, ஆலைகள் தங்கள் மரத்தை விவசாயிகளோடு சேர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தது. படித்தவர் யார்?

எங்களைப் பிழைக்க வைத்தது கவ்வாத மெஷின். இதில் மரத்தை யாரும் முனையில் பிடிப்பதில்லை. உருளைகள் மரத்தை வெளிப்பக்கமாகவே சுழற்றிக் கத்தியின் மேல் நெருக்குகின்றன. முதலில் இன்னொரு சின்ன மெஷின் பட்டையை உரித்து மரத்தை உருட்டாக்கித் தரும். நடுக்கட்டை ஒன்றேகால் அங்குலத்துக்கு இறங்கிவிட்டது. அதே 6 அங்குல மரத்தில் இழப்பு நூற்றுக்கு நாலு பங்கு. கூழுக்கும் சாரத்துக்கும் மட்டுமே போய்க்கொண்டிருந்த தைலமரம் ஒரே வருஷத்தில் வெனீர் மரம் ஆனது. இந்த மெஷினை மேஸ்திரி விரும்பவில்லை. கனம் ஒரே சீராக வராது என்றார். உண்மைதான், மரம் மெலிய மெலியக் கத்தியின் கோணம் மாற வேண்டும், மலிவு மெஷின்களில் அது சரியாக மாறுவதில்லை. தைலமரத்தில் வேறொரு வம்பும் உண்டு: அதன் துவர்ப்பு இரும்பில் பட்டால் ஷீட்டில் மை கொட்டியதுபோலக் கறுப்பு ஏறும். உள்ளே போகும் வெனீருக்குக் கறுப்பால் கேடில்லை. மேலே வருகிற முகத்துக்கு அது ஆகாது.

அந்த முகம் வேறு நாட்டிலிருந்து வருகிறது. வெகுகாலம் பர்மாவின் குர்ஜன் மரம். 2014 ஏப்ரல் முதல் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. ஆப்பிரிக்காவின் காபோன் அதற்கு முன்பே, 2010-இல் நிறுத்தியிருந்தது; அதனால் நம் ஊர் கம்பெனிகள் அங்கேயே போய் ஓகுமே மரத்தைச் சீவி ஷீட்டாகக் கொண்டுவருகின்றன. ஆந்திரத் தோட்டத்துத் தைலமரம் உள்ளே, காபோன் காட்டு மரம் வெளியே: உங்கள் சமையலறை அலமாரி இப்படித்தான் இருக்கும்.

சித்தூர், திருப்பதி, மரம் என்ற மூன்று சொற்களைச் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் கண்ணில் வருவது செம்மரம். "நீங்க அதுல வெனீர் எடுக்கறதில்லையா?" என்று சென்னையில் கேட்காதவர்கள் குறைவு. உலகத்திலேயே சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா மலைகளைச் சுற்றித்தான் அது இயற்கையாக வளர்கிறது. தண்ணீரில் போட்டால் மூழ்கும் கனம். ஜப்பானியர் சாமிசென் வாத்தியத்துக்குக் கேட்கிறார்கள், சீனர் அரண்மனை நாற்காலிக்குக் கேட்கிறார்கள். நம் வீட்டுக் கொலுவில் அது மரப்பாச்சி. 1995 முதல் அதன் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பிடிபட்ட கட்டைகளை அரசே திருப்பதிக் கிடங்கில் அடுக்கி ஏலம் விடுகிறது. மாமரம் ஏற்றிய எங்கள் லாரியையும் சோதனைச் சாவடியில் தார்ப்பாய் விலக்கிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள், பார்க்கட்டும். 2015 ஏப்ரல் 7 விடியலில் சேஷாசலத்தில் 20 மரம்வெட்டிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள், பலர் திருவண்ணாமலை, தர்மபுரி மலைக்கிராமத்து ஆட்கள். கோடாலி பிடிக்கத் தெரிந்த கை, கூலிக்குப் போன கை. மரம் கிடங்கில் எண் போட்டுப் பத்திரமாக இருக்கிறது. வெனீர்க்காரனாகக் கேட்டால், சீவுவதற்கு ஏற்ற மரமே அல்ல அது என்பேன். அவ்வளவு கெட்டியான மரம் கத்தியைத் தின்னும். அனுமதி கிடைத்தாலும் தொடமாட்டேன் என்பதற்குக் காரணம் கத்தி மட்டுமில்லை.

திருப்பதி எங்களுக்குக் கொடுத்தது வேறு: கதவு. யாத்திரிகர் கூட்டம் பெருகப் பெருக லாட்ஜ்கள், லாட்ஜுக்கு அறைகள், அறைக்கு ஃப்ளஷ் கதவு. உள்ளே எங்கள் வெனீர். மேலே அரை மில்லிமீட்டர் தேக்கு. தேக்கை நாங்கள் சீவுவதில்லை, ஷீட்டாக வாங்கி ஜோடி சேர்க்கிறோம். இது தனிக் கலை. அடுத்தடுத்து சீவிய இரண்டு ஷீட்டைப் புத்தகம் விரிப்பதுபோல விரித்து ஒட்டினால் நார் கண்ணாடி பார்த்ததுபோல் இருபக்கமும் பொருந்தும். ஆனால் ஒன்றைப் புரட்டியாக வேண்டும் அல்லவா? ஒரு ஷீட்டின் இறுக்கமான முகம் மேலே, அடுத்ததின் தளர்ந்த முகம் மேலே. பாலிஷ் போட்டதும் ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு. மரம் மட்டம் என்று தச்சரோடு சண்டைக்கு வருவார்கள். மேஸ்திரி பையன்களை ஒரு வாரம் ஷீட் வளைக்கவிட்டதன் பலன் இங்கேதான்: தளர்ந்த முகத்தை முன்பே கண்டுபிடித்து, அதற்கு மட்டும் சீலர் ஒரு கை கூடுதலாகப் போட்டுத் தேய்த்தால் வித்தியாசம் கணிசமாக அடங்கும். நடுவே பிளந்து சீவிய தேக்கில் நார் கோபுரம் கோபுரமாக மேலேறும். மரம் வளர்ந்த திசையில் கோபுரம் மேல்நோக்கி நிற்க வேண்டும் என்பது தச்சர் சம்பிரதாயம். ஒரு லாட்ஜ் முதலாளி எல்லாக் கதவையும் தலைகீழாக மாட்டச் சொன்னார். ஏனென்று கேட்டால், அப்போதுதான் நாமம் மாதிரி தெரியுமாம். தச்சர் முனகிக்கொண்டே மாட்டினார். நன்றாகத்தான் இருந்தது.

இப்போது என் கவனமெல்லாம் மலைவேம்பில். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிக்காரர்கள் அதை ஒட்டுப்பலகை மரமாக விவசாயிகளிடம் கொண்டுசேர்த்த பிறகு எங்கள் பக்கத்திலும் நடுகிறார்கள். நேராக வளரும், வெள்ளையாகச் சீவும், தைலமரம் மாதிரி முறுக்காது, கறுக்காது. வெனீர் தரத்துக்கு ஆறேழு வருஷம். ஒட்டுப்பலகைக்கும் ஃப்ளஷ் கதவுக்கும் 2025-லிருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமானதும், வாங்குகிறவர்கள் வெர்னியரோடு வந்து ஷீட்டின் கனத்தை நாலு மூலையிலும் அளக்கிறார்கள். சீரான மரமில்லாமல் சீரான கனம் வராது.

பலமநேர் பக்கம் ஒருவர் வரப்பில் மலைவேம்பு வைத்திருக்கிறார். "எத்தனை வருஷத்துல வெட்டலாம்ணா?" என்றார். நான் வருஷத்தைச் சொல்லவில்லை. முதல் இரண்டு வருஷமும் பக்கக் கிளையைத் தண்டோடு ஒட்டக் கழித்துவிட வேண்டும் என்றேன். கிளை இருந்த இடம் முடிச்சாகும். முடிச்சு ஷீட்டில் கழன்று விழுந்து ஓட்டையாகும். ஓட்டையை அடைக்க ஒரு பெண் கோந்துப் பட்டையோடு கால்மணி நேரம் உட்கார வேண்டும். அடியிலிருந்து எட்டடி முடிச்சில்லாமல் கொடுத்தால் டன்னுக்குக் கூடுதல் விலை, அதுவும் வெட்டிய அன்றைய எடைக்கு, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர் மகன் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, கிளை கழிக்கும் கூலியை யார் தருவது என்று கேட்டான். பாதிப் பாதி என்று முடிந்தது.